அக்கா வீட்டுக்கு அடித்த மண்

மண் இறங்க வேண்டும். அடித்தளச் சுவர்களுக்கு நடுவே மண்ணைக் கொட்டித் தண்ணீர் கட்டினால், மறுநாள் அது இரண்டு அங்குலமாவது இறங்கி, அங்கங்கே வெடிப்பு விட்டிருக்கும். நான் வேலை பார்க்கும் கட்டுமான நிறுவனத்தில் மண் பரிசோதனைதான் என் பொறுப்பு. எத்தனையோ கட்டடங்களில் இதை அளந்து எழுதியிருக்கிறேன். எங்கள் சொந்த வீட்டில், அந்த மாசி மாதத்துச் சனிக்கிழமை காலை, மண் ஏறியிருந்தது.

முதலில் நான் அளவு நாடாவைத்தான் சந்தேகப்பட்டேன். பிறகு தூண்களில் சுண்ணாம்பால் போட்டிருந்த கோடுகளைப் பார்த்தேன். நடு அறையில் ஒரு அங்குலம், பின்னறையில் ஒன்றரை அங்குலம், சமையலறை மூலையில் இரண்டுக்குச் சற்றுக் குறைவு. மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ஊறிப் போயிருக்கும்மா" என்றார்.

"மண்ணு ஊறுனா இறங்கத்தான செய்யும்?"

"அதான், இது கொஞ்சம் நல்லா ஊறியிருக்கும்."

கடப்பாரையை வாங்கிக் குத்தினேன். செம்மண் ஒரு சாண் வரைக்கும் எதிர்த்தது. அதற்குக் கீழே எதிர்ப்பே இல்லை. கடப்பாரை பாதி நீளம் தானாகப் போனது. இழுத்தபோது அந்த ஓட்டையிலிருந்து கறுப்புத் தண்ணீர் குமிழ் விட்டுக்கொண்டு மேலே வந்தது. அழுகின முட்டை நாற்றம். மேஸ்திரி மூக்கை மூடவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் ஆச்சரியப்படவில்லை என்பதை அப்போது கவனித்தேன். மண்வெட்டியால் ஓட்டையைப் பெரிதாக்கினேன். ஒன்றன் மேல் ஒன்றாக, தண்ணீர் குடித்து ஊதிப் பருத்து, தலையணை மாதிரி ஆகிவிட்ட குழந்தைகளின் டயாப்பர்கள். அவைதான் மண்ணைத் தூக்கியிருந்தன.

எங்கள் ஊர் பாகூரை அடுத்து இருக்கிறது. நாங்கள் இப்போது குடியிருக்கும் பழைய வீடு சாலையைவிடத் தாழ்வு. பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிதாகப் போட்டுப் போட்டு, இரண்டு படி ஏறிப் போகவேண்டிய வீடு இரண்டு படி இறங்கிப் போகும் வீடாகிவிட்டது. ஐப்பசி, கார்த்திகையில் சாலைத் தண்ணீர் முழுக்க உள்ளே வரும். அதனால் பக்கத்து மனையில் கட்டும் புது வீட்டுக்குச் சாலையிலிருந்து நாலடி உயரம் வைத்துத்தான் நான் வரைபடம் போட்டேன். நாலடி உயரத்துக்கு உள்ளே மண் நிரப்ப வேண்டும். டிராக்டர் டிப்பரில் நாற்பது நடைக்குக் குறையாது. பில்லர் போட்ட வீடு என்பதால் உள்ளே குறுக்குச் சுவர் இன்னும் எழவில்லை. முன்பக்கச் சுவரில் மட்டும் எட்டடி இடைவெளி விட்டு, அதற்கு மண்ணாலேயே ஒரு சரிவு போட்டிருந்தோம். டிராக்டர் பின்பக்கமாக அதில் ஏறி உள்ளே வந்து கொட்டும். கொட்டிய மண்ணின் மேல் அதே டிராக்டரை நாலு சுற்று விட்டால் ஓரளவு கெட்டிப்படும். அடுத்த வெள்ளிக்கிழமை முகூர்த்தத்தில் அந்த இடைவெளியை அடைத்து, வாசல் நிலைக்கு நாள் குறித்தாயிற்று. அடைத்தபின் உள்ளே வண்டி வராது. அதற்குப் பிறகு எதை எடுக்க வேண்டுமென்றாலும் தலையில் கூடை வைத்துத்தான்.

மண் அடித்தவர் என் தாய்மாமன்.

அவருக்குச் சொந்தமாக ஒரு டிராக்டர் உண்டு. அறுவடை முடிந்தால் கரும்பு ஏற்றுவார், முன்சக்கரம் தரையைவிட்டு எழும்பும் அளவுக்கு. மற்ற நாட்களில் மணல், ஜல்லி, கல் எது கிடைத்தாலும். நான் செம்மண் குவாரியில் விசாரித்து வைத்திருப்பது தெரிந்ததும் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அக்கா, உன் வூட்டுக்கு மண்ணு நான்தான் அடிப்பேன். தம்பின்னு ஒருத்தன் இருக்கறப்ப வேற எவன் வண்டியாவது உன் வூட்டுக்குள்ள ஏறிச்சு, அப்புறம் நான் அந்த வாசல்ல கால் வெக்க மாட்டேன்."

அம்மாவுக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை நான் மறுக்கவில்லை. பால் சொசைட்டியில் சொன்னார், ரேஷன் கடையில் சொன்னார். "என் தம்பி சீரா செய்யறான், மண்ணு முழுக்க அவன்துதான்." வியாழக்கிழமை காலை முதல் நடை வந்தபோது டிராக்டர் மூக்கில் சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். மாமா முதல் பிடி மண்ணை எடுத்துக் கொடுக்க, அம்மா முந்தானையில் வாங்கி ஈசானி மூலையில் போட்டார். நானும் ஒரு பிடி எடுத்துப் பார்த்தேன். கையில் பிடித்தால் உருண்டை நின்றது, விரலால் அழுத்தினால் உதிர்ந்தது. நல்ல செம்மண். 'மண் சரி' என்று எழுதிக்கொண்டு மூலக்குளம் பஸ் ஏறி வேலைக்குப் போய்விட்டேன்.

அடுத்தவர் கட்டடத்தில் நான் இப்படிச் செய்யமாட்டேன். பத்து நடைக்கு ஒரு நடையாவது எடுத்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டேன். இங்கே கொண்டுவந்தவர் மாமா என்பதால் முதல் நடையோடு நிறுத்திக்கொண்டேன். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் நான் திரும்பும்போது பொழுது சாய்ந்திருந்தது. மேலே செம்மண் பரவியிருந்தது. "நாத்தம் வருதே" என்றதற்கு "பக்கத்து வயல்ல எரு கொட்டியிருக்காங்க" என்றார் அம்மா. அவர் அதை நம்பித்தான் சொன்னார்.

அந்தச் சனிக்கிழமை காலை முழுக்க நான் தோண்டினேன். எடுத்ததையெல்லாம் ஒரு தார்ப்பாயில் வரிசையாக வைத்தேன். இடித்த சுவரின் காரைக் கட்டி, டைல்ஸ் சில்லு, கக்கூஸ் பீங்கான். தெர்மாகோல் தட்டுகளோடு பந்தியில் எடுத்த எச்சில் இலை, உள்ளே மடிந்தபடி சோறு, சோற்றில் புழு. கோழி இறகு, கோழிக் கால்கள், அவை ஒரு கேரி பேக்கில் கட்டியபடியே இருந்தன. சலூனில் கூட்டிய முடி. மாத்திரை அட்டைகள். உடைந்த குவார்ட்டர் பாட்டில்கள், எண்ண முடியவில்லை. கையுறை போட்டிருந்தேன். ஆனாலும் ஒவ்வொன்றையும் தூக்கும்போது கை என்னுடையது இல்லை என்பது போலத் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

சித்தாள் வேலைக்கு வந்திருந்த அக்கா ஒருவர் ஒரு காலைச் சாய்த்து நடந்துகொண்டிருந்தார். குதிகாலில் பழைய புடவைத் துணி கட்டியிருந்தது. என்ன என்று கேட்டேன்.

"நேத்து மண்ணு தள்றப்ப கண்ணாடி குத்திடுச்சு."

"ஏன் சொல்லல?"

"யார்கிட்டச் சொல்றது? உங்க மாமாதான் கொட்றாரு, உங்கம்மாதான் டீ குடுக்கறாங்க. நடுவுல நான் போயி இன்னா சொல்ல?" தார்ப்பாயைப் பார்த்துவிட்டு, "மாமன் சீரு பலமாத்தான் கீது. வளைகாப்புக்கு இன்னும் இன்னா கொண்டாருவாரோ" என்றார். மேஸ்திரி சிரித்தார். நான் அவரைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அந்த அக்காவைப் பாகூர் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு அழைத்து வந்தபோது மாமாவின் டிராக்டர் வந்து நின்றிருந்தது, பாட்டுச் சத்தத்தோடு.

"இன்னா மருமவளே, வாசல்ல கடை பரப்பி வச்சிருக்க? வியாபாரம் எப்பிடி?"

"இதெல்லாம் நீங்க கொட்னது மாமா."

"குப்பை இல்லாத மண்ணு எங்க கீது? நீ வேலை செய்யற எடத்துல மண்ணைச் சோப்பு போட்டுக் குளிப்பாட்டிக் கொண்டாறாங்களா?"

"எங்கேருந்து ஏத்துனீங்க?"

"மூலக்குளம் பக்கம் ரெண்டு பழைய வூடு இடிச்சாங்க. ஒரு மண்டபத்துக்குப் பின்னாடி கொஞ்சம் கெடந்துச்சு. எல்லாம் மண்ணோட மண்ணா ஆனதுதான்."

"அதை அங்கேருந்து எடுத்துட்டுப் போறதுக்கு அவங்க உங்களுக்குக் கூலி குடுத்தாங்களா?"

பாட்டை நிறுத்தினார். "வண்டி சும்மாவா ஓடும்? டீசல் நீ ஊத்துவியா?"

அப்போதுதான் முழுவதும் புரிந்தது. அங்கே அள்ளுவதற்குக் கூலி. கொட்டுவதற்கு இடம் வேண்டும். இடம், அக்கா வீடு. கொட்டியதற்குப் பெயர், சீர். அவரைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது. தார்ப்பாயில் இருந்ததைவிட அதிகம். கழுத்துச் சங்கிலி, மடித்துக் கட்டிய வெள்ளை வேட்டி, சிரிப்பு எல்லாம் சுத்தமாக இருந்தன.

"மேல ரெண்டு நடை செம்மண்ணு. அதுக்கு மேல கான்கிரீட்டு. அதுக்கு மேல டைல்ஸு. கீழ இருக்கிறத எவன் எட்டிப் பாக்கப் போறான், சொல்லு?" என்றார். அம்மாவிடம் திரும்பி, "படிச்ச புள்ளைங்கள வச்சிக்கினு வூடு கட்டக்கூடாதுக்கா" என்றார். அம்மா சிரித்தார். எனக்கு முன்னால் சிரித்தார்.

அன்று சாயங்காலம் அம்மாவையும் அப்பாவையும் உட்கார வைத்து, நான் எழுதி வைத்திருந்ததைப் படித்தேன். சோறும் இலையும் அழுகினால் உள்ளே பள்ளம் விழும், தரை இறங்கும், டைல்ஸ் வெடிக்கும். உள்ளே கட்டிக்கொள்ளும் வாயு விரிசல் வழியாக அறைக்குள் வரும். கரையான் வரும். எலி வரும். அழுகிய தண்ணீர் போர் தண்ணீரில் கலக்கும், நம் போர் பதினைந்தடி தூரத்தில்தான் இருக்கிறது. ஏழு காரணம் எழுதியிருந்தேன். ஐந்தாவதில் அப்பா எழுந்து மாட்டைப் பார்க்கப் போய்விட்டார். அவருக்கு அவர் கவலை. நடவுக்கு முன் வயலில் சேடை ஓட்ட மாமாவின் வண்டியைத்தான் நம்பியிருக்கிறோம்.

அம்மா ஏழையும் கேட்டார். "அவன் ஆசையாக் கொட்னதுடி. அள்ளி வெளிய போட்டா அவனையே அள்ளிப் போட்ட மாதிரி. எனக்கு இருக்கிறது ஒரே தம்பி. கரையானுக்கு மருந்து அடிச்சுக்கலாம்" என்றார்.

"அது குப்பைம்மா."

"மூடிட்டா மண்ணுதான்."

வேறு டிராக்டர் வைத்து நானே அள்ளிவிடலாம் என்று முடிவு செய்தேன். என் சேமிப்பு இருந்தது. மூன்று பேருக்குப் போன் செய்தேன். முதல் ஆள் ஊர்ப் பெயரைச் சொன்னதும் வருகிறேன் என்றார், வீட்டைச் சொன்னதும் வண்டி ரிப்பேர் என்றார். இரண்டாமவர் மரியாதையாகப் பேசினார். "உங்க மாமா வண்டி ஓடிக்கினு இருக்கற எடத்துல நான் பூந்தா, நாளைக்கு என் எடத்துல அவரு பூருவாரு. எங்களுக்குள்ள அந்தப் பழக்கம் இல்லம்மா." மூன்றாமவர், "உங்க மாமாவ ஒரு வார்த்த சொல்லச் சொல்லு, உடனே வர்றேன்" என்றார்.

"அவரு கொட்னதத்தான் அள்ளணும்ங்க."

"அப்பன்னா அவரத்தான் அள்ளச் சொல்லணும்."

போனை வைத்துவிட்டேன். இங்கே ஒருவர் ஒரு வீட்டுக்கு மண் அடிக்க ஆரம்பித்துவிட்டால் அந்த வீடு முடியும் வரை அவருடையது. அவர் கொண்டுவந்து கொட்டியதை வெளியே எடுத்துப் போகவும் அவர் டிராக்டர்தான் வர வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து குழி தோண்டினேன், ஒவ்வொரு அறைக்கும் ஒன்று. எது எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அறைவாரியாக எழுதினேன். முழுவதையும் அள்ள ஒப்புக்கொள்ளாவிட்டால் மோசமான அறைகளையாவது அள்ள வைக்கலாம் என்ற எண்ணம். ஈசானி மூலையில், பூஜை அறை வரும் இடத்தில், காரைக் கட்டியும் கொஞ்சம் எச்சில் இலையும்தான் இருந்தன. ஐந்தில் அதுதான் தேவலை. பின்னறையில், என் அறை வரப்போகும் இடத்தில், இரண்டடி ஆழத்தில் செய்தித்தாளில் சுருட்டிய பொட்டலங்கள் வந்தன. ஏதோ விடுதியின் குப்பைத் தொட்டியை அப்படியே கவிழ்த்திருக்க வேண்டும். ஒன்று பிரிந்திருந்தது. பெண்கள் உபயோகித்துப் போட்ட பேடுகள். நாற்பது ஐம்பது இருக்கும்.

குழி ஓரத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் மாதத்தில் மூன்று நாள் நான் சமையற்கட்டுக்குப் பின்னால் இருக்கும் சார்ப்பில்தான் இருக்க வேண்டும். தனிப் பாய், தனித் தட்டு, தனி டம்ளர். அந்த நாட்களிலும் பஸ் ஏறி வேலைக்குப் போவேன், சாரத்தில் ஏறுவேன், கம்பி கட்டியதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவேன். திரும்பி வந்தால் சார்ப்பு. அம்மா காலண்டரில் நாளைக் குறித்து வைத்திருப்பார், பொய் சொல்லித் தப்ப முடியாது. புது வீட்டு வரைபடத்தில் நான் சார்ப்பு வைக்கவில்லை. அம்மா அதை இப்படித் திருப்பி அப்படித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அந்த மூணு நாளு நீ எங்க இருப்ப?" என்று கேட்டார். "என் ரூம்ல" என்றேன். அம்மா மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

அங்கே உட்கார்ந்திருந்தபோது எனக்குத் தெரிந்தது: ஏழு காரணம் தேவையில்லை, எட்டாவதாக ஒன்று இருக்கிறது, அதை யாரும் எதிர்த்துப் பேச முடியாது. அதைச் சொல்லக்கூடாது என்றும் தெரிந்தது. இரண்டும் ஒரே சமயத்தில் தெரிந்தன. கொஞ்ச நேரம் கழித்து எழுந்துபோய் அம்மாவிடம் சொன்னேன்.

"சாமி ரூமுக்கு அடியில பொம்பளைங்க தீட்டுத் துணி கெடக்குதும்மா. மூட்டை மூட்டையா."

பூஜை அறைக்கு அடியில் அது இல்லை. இத்தனை வருடத்தில் நான் எழுதிய எந்தப் பரிசோதனைக் குறிப்பிலும் ஒரு எண்ணைக்கூட மாற்றியதில்லை. இதில் ஒரு குழியையே மாற்றிவிட்டேன்.

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். கை நின்றது. "எங்க?" என்றார். "ஈசானில" என்றேன். களைந்த அரிசியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். வந்து பார்ப்பாரோ என்று பயந்தேன். பார்க்க வரவில்லை. பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்பது போல மனை இருக்கும் திசைப் பக்கமே திரும்பவில்லை. தலைக்குக் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு போனை வாங்கித் தம்பியைக் கூப்பிட்டார்.

"டேய், என் சாமி மூலையில இன்னாத்தடா கொண்டாந்து கொட்ன? ... பேசாத. நீ பேசாத. நாளைக்குக் காலையில வண்டிய எடுத்துக்கினு வா. ஒரு கூடை மிச்சம் இருந்திச்சு, எனக்குத் தம்பி இல்ல."

இரண்டு நிமிடம் ஆகவில்லை. போர் தண்ணீருக்கும் தரைக்கும் சித்தாள் அக்காவின் காலுக்கும் கிடைக்காதது அதற்குக் கிடைத்தது. நான் அடுப்பை அணைத்துவிட்டு நின்றிருந்தேன். வேலை நடந்துவிட்டது என்ற திருப்தி ஒரு ஓரத்தில் இருந்தது. அதையும் இங்கே எழுதிவிட வேண்டும்.

திங்கட்கிழமை மாமா பாட்டுப் போடாமல் வந்தார். செருப்பைச் சாலையிலேயே கழற்றிவிட்டு, "தெரியாம ஆயிடுச்சுக்கா, ஆளுங்க ஏத்துனத நான் பாக்கல" என்றார். வாடகைக்குப் பொக்லைன் கொண்டுவந்திருந்தார். கூடவே டிப்பரில் இரண்டு ஆட்கள். எங்கள் மேஸ்திரியும் சித்தாளும் இருக்கும்போது இவர்கள் எதற்கு என்று கேட்டேன்.

"அத்தெல்லாம் நம்ம ஆளுங்க தொடுவாங்களா? காலனிலேருந்து கூட்டியாந்தேன்."

நேற்றுவரை அது மண். யார் வேண்டுமானாலும் மிதித்தார்கள், தள்ளினார்கள். இன்று அது தீட்டு, அதைத் தொடுவதற்கென்று தனியாக ஆள் வேண்டும். தீட்டு என்ற சொல்லை நான் ஒரே ஒரு வேலைக்காகத்தான் கூப்பிட்டேன். அது தன் பரிவாரத்தையும் அழைத்துக்கொண்டு வந்துவிட்டது. அந்த இருவருக்கும் கையுறையும் பூட்ஸும் கொடுத்தேன். பெரியவர் கையுறையைப் பிரிக்காமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார், "வூட்டுக்கு ஆவும்" என்று. பொக்லைன் வாளிக்கு எட்டாத தூண் மூலைகளில் அவர்கள் கையால் வாரினார்கள். நானும் பின்னறை மூலையில் இறங்கி வாரினேன். இரண்டாவது கூடையிலேயே அம்மா சாலையிலிருந்து என் பெயரைச் சொல்லிக் கத்தினார், ஏறி வந்துவிட்டேன். பதினொரு மணிக்கு டீ வந்தது. எங்களுக்கு எவர்சில்வர் டம்ளர். அவர்களுக்குப் பேப்பர் கப். எங்கள் வீட்டில் பேப்பர் கப் இருந்ததில்லை, அன்று காலைதான் கடையிலிருந்து வாங்கி வந்திருந்தார்கள்.

டிராக்டர் ஒவ்வொரு நடையும் வெளியே போனது. "எங்க கொட்றீங்க மாமா?" என்று கேட்டேன். "கொம்யூன் பஞ்சாயத்துக் குப்பைக் கெடங்குக்குத்தான், வேற எங்க?" என்றார். போய்த் திரும்ப அவர் எடுத்துக்கொண்ட நேரம் பதினைந்து நிமிடம். குப்பைக் கிடங்குக்குப் போய்வர அது போதாது. ஏரிக்கரைக்கோ வாய்க்கால் ஓரத்துக்கோ போதும். நான் பின்னால் போய்ப் பார்க்கவில்லை. என் வீட்டுக்கு அடியிலிருந்து போனால் சரி என்று இருந்துவிட்டேன். மாமாவும் முதலில் அப்படித்தானே ஏற்றினார், வேறு யாருடைய இடத்திலிருந்தோ.

செவ்வாய் சாயங்காலம் அஸ்திவார மட்டம் வரை வெறுமையானது. நான் ஐந்து இடத்திலும் கடப்பாரை போட்டுப் பார்த்தேன். பழைய இயற்கை மண், கெட்டியாக நின்றது. சுண்ணாம்புத் தூள் தூவினோம். புதன்கிழமை காலை குவாரிச் செம்மண்ணோடு முதல் நடை வரும் என்று மாமா சொல்லியிருந்தார். இந்த முறை ஒவ்வொரு நடையையும் பார்க்க, போட்டிருந்த லீவை இன்னும் மூன்று நாள் நீட்டினேன்.

புதன் காலை அம்மா மறுபடியும் எல்லாம் தயார் செய்தார். மஞ்சள் தண்ணீர் தெளித்து, கோமியம் தெளித்து, சரிவில் கோலம் போட்டு, தட்டில் சூடம் ஏற்றப் போனவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் சரிவில் பாதி ஏறியிருந்தேன்.

"உனக்கு இன்னிக்கு ரெண்டாவது நாளுதான?"

ஆமாம் என்று சொல்வதற்கு முன்பே அவருக்குத் தெரியும். முந்தின நாள் ராத்திரி எதுவும் சொல்லாமல் பாயைச் சார்ப்பில் போட்டுக்கொண்டவள் நான்தான்.

"அப்போ கீழ எறங்கு. சுத்தம் பண்ண எடம்."

மற்ற நாளாக இருந்தால் பேசியிருப்பேன். கம்பி கட்டியது, சாரம் ஏறியது, எல்லாம் சொல்லியிருப்பேன். என் வரைபடத்தை நீட்டியிருப்பேன். வாயைத் திறந்தேன். அம்மா முந்திக்கொண்டார்.

"நீதானடி சொன்ன. சாமி மூலைக்கு அடியில இருக்கக் கூடாதுன்னு. அடியிலயே கூடாதுன்னா மேல நிக்கலாமா?"

குரலில் கோபமே இல்லை. எனக்கு நியாயமாகப் பதில் சொல்லும் குரல். நான் இறங்கிச் சாலைக்கு வந்தேன்.

சித்தாள் அக்கா அப்போதுதான் வந்தார், குதிகால் கட்டோடு. "இன்னா, இன்ஜினியரு ரோட்ல நிக்கிறீங்க?" என்றார். சொன்னேன். "அட, அத்தப் போயி சொல்வாங்களா?" என்றார்.

"அவங்களுக்கே தெரியும்க்கா."

"எனக்குக்கூடத்தான் நேத்துலேருந்து" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு சரிவில் ஏறினார். மேலே போய் அம்மா கேட்டதற்கு, "எனக்கு அதெல்லாம் நின்னு மூணு வருசம் ஆவுதும்மா" என்று சத்தமாகச் சொல்வது சாலைவரை கேட்டது.

டிராக்டர் செம்மண்ணோடு வந்து திரும்பியது. பின்பக்கமாக ஏற்றும்போது பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். அந்த எட்டடி இடைவெளியில் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஒரு அடிதான் மிஞ்சும், தூணில் இடித்தால் தூண் போய்விடும். போன தடவை பார்த்துச் சொன்ன மேஸ்திரி இன்னும் வந்திருக்கவில்லை. மாமா வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார். அம்மாவும் பார்த்தார்.

"அங்கேருந்தே சொல்லு" என்றார் அம்மா.

சொன்னேன். "வாங்க... வாங்க... ரைட்ல ஒடிங்க... நேரா... போதும்." மாமா சொன்னபடி கேட்டார். டிப்பர் தூக்கியது, செம்மண் சரிந்தது. அம்மா முந்தானையை ஏந்திக்கொண்டு போனார். இங்கிருந்து மண்ணின் நிறம் மட்டும்தான் தெரிந்தது.

"ஒரு பிடி கொண்டாந்து காட்டுங்க" என்று கத்தினேன்.

யாரும் வரவில்லை. பூஜை நடந்துகொண்டிருந்தது. பிறகு மாமா இறங்கி, உள்ளங்கை நிறைய மண்ணோடு சரிவில் பாதி தூரம் வந்து, அங்கேயே தரையில் கொட்டிவிட்டுத் திரும்பிப் போனார். நான் சாலை ஓரமாகக் குனிந்து, கையை நீட்டி, அதில் எட்டியதை எடுத்துப் பிடித்துப் பார்த்தேன். உருண்டை நின்றது. அடுத்த நடைக்கு வழிவிட நகர்ந்து நின்றேன்.